தன்னலம் தத்துவமாகுமா?

(பர்கூரில் தோழர்களிடையே ஆற்றிய உரை)

சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே இரவு பகலாக வண்டிகள் ஓடும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்தது உங்கள் பர்கூர். தெருவுக்குத் தெரு துணிக்கடை; கடைக்குக் கடை கட்டுக் கட்டாகச் சேலையும் வேட்டியும் சட்டைத் துணியும். 'குட்டி சூரத்' என்று இவ்வூருக்கு ஒரு பட்டப் பெயரே உண்டு. இன்று மாலை இங்கே வந்திறங்கித் தேநீர்க் கடையொன்றில் நின்றபோது, ஓர் இளைஞர் என் அருகே வந்தார். ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றிலே பணிபுரிபவர், படித்தவர், பண்போடும் பேசினார்.

"ஐயா! இந்தக் கடைக்காரர்களில் எவரும் ஊருக்குத் தொண்டாற்றக் கடை திறக்கவில்லை. தமக்கு நாலு காசு கிடைக்குமென்றே திறந்தார்கள். அதனால் ஊர் செழித்தது. வாங்க வருகிறவருக்கும் மலிவாகத் துணி கிடைத்தது. அவரவர் நலத்தை அவரவர் பார்த்துக் கொண்டால் நாட்டின் நலம் தானாக வந்து சேருகிறதே! பிறகு எதற்குக் கட்சி? எதற்குக் கொள்கை? நான் ஏன் வரி கொடுக்க வேண்டும்? நான் உழைக்கிறேன், நான் சம்பாதிக்கிறேன். நான் யாருக்குக் கடன்பட்டவன்?" என்று கேட்டார்.

என்னோடு வந்த தோழருக்குச் சினம் பொத்துக்கொண்டு வந்தது. "பச்சைச் சுயநலம் பேசுகிறாயே, தம்பி!" என்று பாய்ந்தார். நான் தடுத்துவிட்டேன். ஏன் தெரியுமா? அந்த இளைஞர் வசைக்கு உரியவரல்லர், விடைக்கு உரியவர். அவர் கேட்ட கேள்வி அவருக்கு மட்டும் உரியதுமன்று. பெரும் பல்கலைக் கழகங்களிலே ஆராயப்படுவது. வல்லரசு ஒன்றின் நாணயத்தையே காவல் காத்த மனிதர் ஒருவர் நம்பி வாழ்ந்தது. நம் வீட்டுப் பிள்ளைகளின் நெஞ்சிலே மெல்ல மெல்லக் குடியேறி வருவது. வசைபாடி அவர் வாயை மூடலாம். மனத்தைத் திறக்க இயலாது. ஆகவே, மேடைக்குரிய வேறு பொருள்களை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த ஒரு கேள்வியையே இன்று உங்கள் முன் விரித்து வைக்கிறேன்.

எதிர்வாதத்தைக் கேட்போம்

ஒரு கொள்கையை மறுக்க விரும்புகிறவன், அந்தக் கொள்கையை உடையவனே மெச்சும்படி அதை முதலில் எடுத்துச் சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும். கோட்டையில் இடிந்து கிடக்கும் சுவரைக் காட்டி வெற்றி முழக்கமிடுவது எளிது. இடியாத மதிலின் எதிரே நின்று பேசுவதே வீரம்.

ஸ்காட்லாந்து நாட்டிலே, கிளாஸ்கோ பல்கலைக் கழகத்தில் அறநெறிப் பேராசிரியராக இருந்தவர் ஆடம் ஸ்மித். 1776-ஆம் ஆண்டில் வெளிவந்த 'நாடுகளின் செல்வம்' என்ற பெரு நூலில் அவர் காட்டிய உண்மை இதுதான்: நமக்கு உணவு வந்து சேர்வது வணிகரின் இரக்கத்தாலன்று, அவர்தம் ஆதாய நாட்டத்தால். பொதுநலத்தை எண்ணியே பாராத பலர் தத்தம் பயனைத் தேடும்போது, அவர்கள் அறியாமலே பொதுநலமும் ஓரளவு விளைந்துவிடுகிறது.

அவருக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வந்தவர் அய்ன் ராண்ட் அம்மையார். 1905-இல் ரஷ்ய நாட்டுப் பீட்டர்ஸ்பர்க் நகரிலே பிறந்தவர். அவர் தந்தையின் மருந்துக் கடையைப் புரட்சி அரசு எடுத்துக்கொண்டது. அந்த வடுவோடு 1926-இல் அமெரிக்கா சென்றார், எழுத்தாளரானார். தொழிலதிபர்களும் கண்டுபிடிப்பாளர்களும், 'எங்கள் உழைப்பை உறிஞ்சும் உலகத்துக்கு இனி உழைக்கமாட்டோம்' என்று விலகிப் போவதாக ஒரு பெரு நாவலை 1957-இல் வெளியிட்டார். தன்னலமே நற்பண்பு என்று பெயரிலேயே பறைசாற்றும் கட்டுரை நூலொன்றை 1964-இல் தந்தார்.

இருவரையும் ஒரே தட்டில் நிறுத்தாதீர்கள், தோழர்களே! தன்னலம் பயன்படுகிறது என்றார் ஸ்மித். தன்னலமே அறம் என்றார் ராண்ட் அம்மையார். நம் வழக்கு முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவேதான் இருக்கிறது.

மெச்சத் தக்கவை மூன்று

இந்தத் தத்துவத்தில் மெச்சத் தக்கது ஏதுமில்லையா? உண்டு. மூன்று சொல்வேன்.

முதலாவது, அது மனிதனை உள்ளபடி பார்க்கிறது. சீன நாட்டிலே, அன்ஹுய் மாநிலத்திலே, சியாவ்காங் என்றொரு சிற்றூர். அங்கே நிலமெல்லாம் கூட்டுப் பண்ணை. விளைந்தது எவருக்கும் சொந்தமன்று. எவருக்கும் சொந்தமில்லாத வயலில் எவரும் மனம் வைத்து உழவில்லை. பட்டினி வாட்டியது. 1978-ஆம் ஆண்டில் அந்த ஊர் உழவர் பதினெண்மர் இரவிலே கூடினர். நிலத்தைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொள்வதாகவும், அரசுக்குரிய பங்கை அளந்துவிட்டு எஞ்சியதை அவரவரே வைத்துக் கொள்வதாகவும் இரகசியமாக உடன்படிக்கை எழுதினர். அடுத்த அறுவடையிலே விளைச்சல் பன்மடங்காயிற்று! மண் அதே மண். மழையை நம்பிய கை அதே கை. 'இது என் வீட்டுக்கு' என்ற எண்ணம் ஒன்றே புதிதாக வந்து சேர்ந்தது. பொதுவுடைமை பேசிய பெருநாடே பின்னர் அந்த வழியைப் பின்பற்றியது. இதைக் கண்மூடி மறுப்பவன் கொள்கை வீரனல்லன், கண்ணைக் கட்டிக்கொண்டவன்.

இரண்டாவது, அது ஆட்சியில் இருப்பவனையும் ஐயத்தோடு பார்க்கச் சொல்கிறது. வணிகனுக்குத் தன்னலம் உண்டென்றால், அதிகாரிக்கு இல்லையா? அமைச்சருக்கு இல்லையா? நாற்காலியில் அமர்ந்த மாத்திரத்தில் மனிதன் துறவியாகிவிடுவதில்லை. உரிமத் தாளில் ஒரு கையெழுத்து விழ ஒருவன் காத்துக் கிடக்க வேண்டுமானால், அந்தக் கையெழுத்துக்கு விலை பிறந்துவிடும். இது கசப்பான பேச்சு, ஆனாலும் உண்மை.

மூன்றாவது, அது தனிமனிதனின் முதுகை நிமிர்த்துகிறது. எவரும் எவருக்கும் பிறவி அடிமையில்லை என்கிறது. பிறப்பே தொழிலைத் தீர்மானித்த நாடு இது. 'உன் பாட்டன் செய்ததையே நீயும் செய்' என்று ஊரே கூடி ஒருவனை அழுத்தி வைத்த நாடு. அங்கிருந்து புறப்பட்டு, ஓசூர் ஆலை வாயிலிலே நின்று, 'என் கைத்திறனுக்கு என்ன கூலி?' என்று கேட்கிறவன், தன்னலத்தையும் கேட்கிறான். கூடவே தன்மானத்தையும் கேட்கிறான். 1925-இல் தந்தை பெரியார் தொடங்கிய இயக்கத்துக்குச் சுயமரியாதை இயக்கம் என்று பெயர் வந்தது. 'சுயம்' என்ற சொல்லைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. சுயமரியாதை வேறு, சுயநலம் வேறு என்ற தெளிவு இருந்தால் போதும். என் மதிப்பைப் போலவே உன் மதிப்பும் என்பது முன்னது. என் பங்கு முதலில், உன் பாடு பிறகு என்பது பின்னது.

தொரப்பள்ளியிலிருந்து ஒரு குரல்

இந்தத் தத்துவத்தை நம் நாட்டு அரசியலில் வலிமையோடு ஒலிக்கச் செய்தவர் எங்கே பிறந்தார் தெரியுமா? வெளிநாட்டிலன்று, உங்களுக்கு மேற்கே, ஓசூரை அடுத்த தொரப்பள்ளியிலே! 1878 டிசம்பர் 10-ஆம் நாள், ஊர் முன்சீப்பின் மகனாகப் பிறந்த ராஜாஜி அவர்கள், தமது எண்பதாவது வயதிலே, 1959-இல், சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 'பர்மிட், லைசென்ஸ், கோட்டா ஆட்சி' என்று அன்றைய காங்கிரஸ் ஆட்சிக்குப் பெயர் சூட்டினார். அதற்கு முன்பே, 1952-இல் சென்னை மாநில முதலமைச்சரானதும் உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கியவர் அவர். சுதந்திராக் கட்சி 1962-இல் மக்களவையில் 18 இடங்களையும், 1967-இல் 44 இடங்களையும் பெற்றது.

அவர் சொன்னதில் உண்மை இருந்ததா? இருந்தது. ஸ்கூட்டருக்குப் பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கிலே காத்துக் கிடந்த நாடு இது. தொலைபேசி கேட்டு மனுப் போட்டவர், அது மணியடிப்பதற்குள் முதியவராகிவிட்ட கதைகள் வீட்டுக்கு வீடு உண்டு. 1972-இல் ராஜாஜி மறைந்தார். 1974-இல் அவருடைய கட்சி வேறொரு கட்சியிலே கரைந்தது. 1991-இல், அவர் எதிர்த்து நின்ற காங்கிரசின் ஆட்சியே தொழில் உரிமக் கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவற்றை நீக்கியது!

ஆனால் தோழர்களே, ஒன்றைக் கவனியுங்கள். அதே ராஜாஜி தன்னலத்தை அறமென்று ஒரு நாளும் சொன்னாரில்லை. செல்வர் தம் செல்வத்துக்குத் தர்மகர்த்தாக்களாக இருக்க வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்தையே தம் கட்சியின் கொள்கையிலும் சேர்த்தார். 1937-இல் பழைய சேலம் மாவட்டத்திலே மதுவிலக்கைக் கொண்டுவந்தவர் அவர். உங்கள் பர்கூரும் அன்று அந்த மாவட்டத்திலேதான் இருந்தது. குடிப்பவன் விரும்பிக் குடிக்கிறான், விற்பவன் விரும்பி விற்கிறான், இடையிலே அரசுக்கு என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. வருவாய் குறைந்ததை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தவரும் அவரே. தடையற்ற வணிகத்தின் தலைமகனுக்கே, வணிகத்துக்கு அப்பால் ஓர் அளவுகோல் தேவைப்பட்டது.

அவர் சறுக்கிய இடத்தையும் மறைக்க வேண்டியதில்லை. 1953-இல் அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், கிராமத்துப் பிள்ளைக்குப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிகுதி நேரத்திலே பெற்றோரின் தொழிலைப் பழகச் சொன்னது. குலக்கல்வி என்று நாடே கொதித்தது. 1954-இல் அவர் பதவி விலகினார், திட்டமும் கைவிடப்பட்டது. வணிகனுக்கு வழி திறந்துவிடு என்று வாதாடியவர், குழந்தைக்குரிய வழியை மூடத் துணிந்தார். சந்தைக்குச் சுதந்திரம் கேட்பவர் எல்லாரும் மனிதனுக்குச் சுதந்திரம் கேட்பவராகிவிட மாட்டார்.

அணையைக் கட்டியது யார்?

இனி, மறுபக்கத்துக்கு வருவோம்.

சியாவ்காங் உழவர் பதினெண்மரின் உடன்படிக்கையில் இன்னொரு வரி இருந்தது. அதை இதுவரை சொல்லாமல் வைத்திருந்தேன். இரகசியம் வெளிப்பட்டு ஊர்த் தலைவர் சிறை செல்ல நேர்ந்தால், அவருடைய பிள்ளைகளைப் பதினெட்டு வயதாகும்வரை மற்றவர்கள் வளர்ப்பது என்பதே அது! பாருங்கள் தோழர்களே! தன்னலத்தின் வெற்றிக்கு உலகமே எடுத்துக்காட்டும் அந்தத் தாளிலே, ஒருவர் பிள்ளைக்கு இன்னொருவர் சோறிடுவதாகச் செய்த சத்தியமும் கலந்திருக்கிறது. அந்தச் சத்தியம் இல்லாவிட்டால் எவன் துணிந்து முதலில் கையெழுத்திட்டிருப்பான்?

ஏர் பிடிக்கத் தன்னலம் உதவும். ஏரிக்கரை கட்ட அது மட்டும் போதாது. இதை நெடுந்தொலைவு சென்று காண வேண்டியதில்லை. தன்னலமே தலையாயது என்று விளம்பிய அந்த அமெரிக்க நாவல் 1957-இல் வெளிவந்தது என்றேனே, அதே 1957-இல், காமராசர் ஆட்சியிலே, தென்பெண்ணையின் குறுக்கே கிருஷ்ணகிரி அணை திறக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு நீர் பாய்ச்சும் அந்த அணையை எந்த வணிகர் கட்டியிருப்பார்? கட்டினால், காலுக்குக் காசு வசூலித்து எத்தனை தலைமுறையில் முதலை மீட்டிருப்பார்? தனியொருவருக்கு ஆதாயமில்லாவிட்டாலும் சமுதாயத்துக்குப் பெரும் பயன் தரும் பணிகளை அரசே செய்தாக வேண்டும் என்று எழுதியவர் யார் தெரியுமா? ஆடம் ஸ்மித்! அவர் பெயரைச் சொல்லி வாதாடுவோரில் பலர், அவர் நூலின் அந்தப் பகுதி வருமுன்பே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

ஓசூரைப் பாருங்கள். 1980-இல் அங்கிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது. பால்காரரும், சேலை மூட்டையைச் சுமந்து ஊர் ஊராய்ச் சென்றவரும் அதன்மேல் ஏறிப் பிழைத்தனர். ஆதாயம் நாடிய உற்பத்தியாளர், ஏழைக்கு ஏற்ற வண்டி தந்தார். தன்னலத்தின் நற்பயன் இது, மனமாரப் பாராட்டுவோம். ஆனால் கல்லும் முள்ளுமாகக் கிடந்த ஓசூரைத் தொழில் நகராக்கியது எது? 1971-இல் தமிழக அரசு தொடங்கிய சிப்காட் நிறுவனம் அங்கே நிலம் திருத்தியது, சாலை போட்டது, மின்சாரமும் நீரும் கொண்டு வந்து சேர்த்தது, பின்தங்கிய வட்டாரம் என்று சலுகைகளும் கிடைத்தன. பிறகே ஆலைகள் வந்தன. உலகறிந்த டைட்டன் கைக்கடிகாரம், டாட்டா நிறுவனமும் தமிழக அரசின் டிட்கோவும் 1984-இல் கைகோத்துத் தொடங்கிய தொழில். அந்தக் கடிகாரத்திலே நிமிட முள் முதலாளியின் முயற்சி என்றால், மணி முள் மக்களின் வரிப்பணம்.

தேநீர்க் கடை இளைஞரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "எங்கே படித்தீர்கள், தம்பி?" "அரசுப் பள்ளியிலே, பிறகு இங்கேயுள்ள அரசினர் பொறியியற் கல்லூரியிலே" என்றார். 1994-இல் பர்கூரிலே அந்தக் கல்லூரி தொடங்கப்பட்டபோது, அவர் பிறந்துகூட இருக்கமாட்டார். அவர் முகம் பாராத ஆயிரமாயிரம் பேர் கொடுத்த வரி, அவர் பிறக்கும் முன்பே அவருக்காகச் சுவர் எழுப்பி வைத்தது. சற்று முன்பு, 'நான் யாருக்குக் கடன்பட்டவன்' என்று கேட்டவர், இப்போது தேநீர்க் கோப்பையையே பார்த்துக் கொண்டிருந்தார். அவரை மடக்கிவிட்டோம் என்று எனக்கு மகிழ்ச்சி பிறக்கவில்லை. இந்தக் கணக்கை நாம் அவருக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டுமே என்ற வெட்கமே பிறந்தது.

நுரை பொங்கும் ஆறு

தன்னலத் தத்துவத்தின் பெருங்குறை இனித்தான் வருகிறது. பேரம் நடக்கும் இடத்திலே இல்லாதவர்களை அது கணக்கில் சேர்ப்பதில்லை.

ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணை இருக்கிறது. மழைக் காலத்தில் அங்கே சென்று பாருங்கள். தண்ணீர் தெரியாது, வெண்ணுரை மலை போலக் குவிந்து கிடக்கும். பெங்களூரின் கழிவுநீரும் தொழிற்கழிவும் தென்பெண்ணையிலே கலந்து வந்து, மதகிலே வீழ்ந்து, நுரைத்துப் பொங்கிக் காற்றிலே பறக்கும், சாலையை மூடும், பயிரிலே படியும். ஆலைக்காரர் பொருளை விற்றார், நுகர்வோர் வாங்கினார், இருவருக்கும் மனநிறைவு. அந்தப் பேரத்திலே ஆற்றங்கரை உழவன் எங்கே இருந்தான்? அவனிடம் எவர் ஒப்புதல் கேட்டார்? விற்றவருக்கு இலாபம், வாங்கியவருக்குப் பொருள். பேரத்துக்கே வராதவனுக்கு நுரை! கழிவைத் தூய்மை செய்யச் செலவாகும். ஆற்றிலே விடச் செலவில்லை. ஆதாயம் ஒன்றையே பார்ப்பவன் எதைத் தேர்வான்? மாநில எல்லைக் கோடு நமக்குத்தான் தெரியும், தண்ணீருக்குத் தெரியாது.

இந்த மாவட்டத்தின் கருங்கல்லையும் எண்ணிப் பாருங்கள். கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் இறுகிக் கிடந்த கல். ஒரு முறை அறுத்தெடுத்தால் மறுமுறை முளைக்காது. தனியார் குத்தகையிலே கறுப்புக் கிரானைட் கண்டபடி வெட்டப்படுவதைக் கண்டு, 1977-இல் தமிழக அரசு, அக்கல்லை வெட்டும் உரிமையைத் தனியாருக்குத் தருவதில்லை என்று விதி செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 1981-இல் நீதிமன்றம் அந்த விதியை ஏற்றது. ஆறும் காடும் கனிமமும் நாட்டின் இயற்கைச் செல்வம். ஒரு தலைமுறையே அதைத் தின்று தீர்த்துவிடலாகாது என்பதே தீர்ப்பின் சாரம். பிறக்காத பிள்ளைக்குச் சந்தையிலே குரலில்லை. அவனுக்காகச் சட்டமே பேச வேண்டும்.

அரசின் கைக்கு வந்துவிட்டால் எல்லாம் காப்பாற்றப்பட்டு விடுமா? நேர்மையோடு பேச வேண்டும், தோழர்களே! 2012-இல் மதுரை மாவட்டக் கிரானைட் முறைகேடு வெளிவந்தபோது, நாடு திடுக்கிட்டது. காவலிருக்க வேண்டியவர்கள் கண்மூடி நின்றாலன்றி, அவ்வளவு கல் கடத்தப்பட்டிருக்க முடியுமா? தன்னலம் அங்கே அலுவலக உடையணிந்து வந்தது. ஆகவே, தனியுடைமை என்றால் தீது, பொதுவுடைமை என்றால் தூயது என்று பட்டியல் போட்டுவிட்டு உறங்க முடியாது. எந்தக் கதவிலும் காவல் வேண்டும். காவலனுக்கும் காவல் வேண்டும். ராஜாஜியின் ஐயத்தை நாமும் கடன் வாங்கிக் கொள்வோம், கூச்சப்பட வேண்டியதில்லை.

காத்திருக்க முடியாதவன்

'இருவர் மனமொப்பிச் செய்யும் ஒப்பந்தத்தில் மூன்றாமவருக்கு என்ன வேலை?' இது அந்தத் தத்துவத்தின் இன்னொரு கேள்வி. கேட்க இனிமையாக இருக்கிறது. மாந்தோப்புக்கு வாருங்கள்.

கிருஷ்ணகிரி மாவட்டம் மாம்பழத்துக்குப் பெயர் பெற்றது. பெங்களூரா என்ற வகை, கூழ் ஆலைகளுக்குச் செல்வது. பழம் பறித்த உழவன் எத்தனை நாள் காத்திருக்க முடியும்? ஒரு நாள், இரண்டு நாள். அதற்குள் பழம் கனிந்து, கனிந்தது குழைந்து, குழைந்தது அழுகும். ஆலையோ அடுத்த வாரம்வரை காத்திருக்கும். சென்ற ஆண்டுக் கூழ் இருப்பிலே இருந்தால், அடுத்த பருவம்வரைகூடக் காத்திருக்கும். 2025-ஆம் ஆண்டுப் பருவத்தில் விலை வீழ்ந்தபோது, பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று உழவர்கள் குமுறினார்கள். அவன் விருப்பத்தோடுதான் விற்றான் என்பீர்களா? வெள்ளத்திலே போகிறவன் கையிலுள்ள மோதிரத்தைக் கொடுத்துக் கயிற்றைப் பற்றுகிறான், அதுவும் விருப்பம்தான்! தொழிலாளிக்கும் முதலாளிக்கும் பிணக்கு வந்தால், நெடுநாள் தாக்குப்பிடிக்க வல்லவர் முதலாளியே என்று எடுத்துக் காட்டியவரும் அதே ஆடம் ஸ்மித்தான். காத்திருக்க முடிந்தவனுக்கும் முடியாதவனுக்கும் நடுவே நடக்கும் பேரத்துக்குச் சுதந்திரப் பேரம் என்று பெயரிடுவது, கட்டிப்போட்டவனோடு ஓட்டப் பந்தயம் வைப்பதாகும்.

உழவனுக்குக் கூட்டுறவும், தொழிலாளிக்குச் சங்கமும், இருவருக்கும் சட்டமும் ஏன் வேண்டும் என்றால், இதற்காகவே வேண்டும். காத்திருக்கும் வலிமையை எளியவனுக்கும் அளிப்பதற்காக.

ஒப்புக்கொண்ட குறை

இவையெல்லாம் எதிரணியின் குற்றச்சாட்டு என்று அந்தத் தத்துவத்தார் தள்ளிவிடலாம். ஆனால் அவர்களுள் ஒருவரே சாட்சி சொன்னாரே!

ஆலன் கிரீன்ஸ்பான் என்பவர் இளமையிலே அய்ன் ராண்ட் அம்மையாரின் நெருங்கிய வட்டத்தைச் சேர்ந்தவர். 1974-இல் அமெரிக்க அதிபருக்குப் பொருளாதார ஆலோசகர் குழுத் தலைவராக அவர் பொறுப்பேற்றபோது, அம்மையார் அருகிலேயே நின்றார். 1987 முதல் 2006 வரை அந்நாட்டு மைய வங்கியின் தலைவராக இருந்தார். வங்கிகள் தம் நலத்தைத் தாமே காத்துக்கொள்ளும். கடிவாளம் மிகுதியாக வேண்டாம் என்பது அவர் நம்பிக்கை. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற மாபெரும் நிறுவனம் சரிந்தது. உலகமெங்கும் வேலையும் வீடும் இழந்தோர் பெருகினர். அக்டோபர் 23-ஆம் நாள் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் அமர்ந்து, தாம் கொண்டிருந்த கொள்கையிலே ஒரு குறையைக் கண்டதாகக் கிரீன்ஸ்பான் ஒப்புக்கொண்டார். கடன் கொடுக்கும் நிறுவனங்கள் தம் நலம் கருதியேனும் தம்மைக் காத்துக்கொள்ளும் என்று எண்ணியிருந்தவர், அவ்வாறு நடவாததைக் கண்டு திகைத்ததாகவும் சொன்னார்.

தவற்றை ஒப்புக்கொண்ட அந்த முதியவரை நான் ஏளனம் செய்யமாட்டேன். தாம் பிடித்த கொள்கையில் குறையுண்டு என்று உலகறியச் சொல்ல எத்தனை தலைவர்களால் முடியும்? நம்மவரிலேயும் எண்ணிப் பாருங்கள்.

நம் வீட்டுக்குள்ளே

எண்ணிப் பார்க்கச் சொன்னேன், எண்ணுவோம். மற்றவர் தன்னலத்தை மணிக்கணக்கில் அளந்துவிட்டு நம் வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டால், நான் பேசியது பேச்சாகாது.

1957-இலேயே அந்தோணி டவுன்ஸ் என்ற அறிஞர் மக்களாட்சியைப் பொருளாதாரக் கண்கொண்டு ஆராய்ந்தார். தன் ஆதாயம் ஒன்றையே கணக்கிடுகிறவன் வாக்குச் சாவடிக்கே போகக் காரணமில்லை என்ற முடிவு அதிலிருந்து பிறந்தது. இலட்சம் வாக்கிலே தன் ஒரு வாக்கு எதை மாற்றப் போகிறது? வெயிலில் நிற்பதுதான் மிச்சம். அப்படியானால், வாக்கை விற்கிறவன் யார்? அந்தத் தத்துவத்தின் தலைமாணாக்கன்! மாற்றத்துக்கு உதவாத வாக்கை மாற்றிக் காசாக்கிக் கொள்கிறான். அவனுக்குக் காசு கொடுக்கிற கட்சிக்காரன், அந்தப் பள்ளியின் வாத்தியார். எந்தக் கொடியைப் பிடித்திருந்தாலும் சரி!

'இத்தனை ஆண்டு உழைத்தேன், எனக்கு என்ன கிடைத்தது?' என்ற முணுமுணுப்பு நம் கிளைகளிலே கேட்கவில்லையா? உழைத்தவனுக்கு மதிப்பு வேண்டும், அது நியாயம். ஆனால், 'எனக்கு என்ன?' என்பதே முதற்கேள்வியும் முடிவுக் கேள்வியும் ஆகிவிட்டால், அவனுக்கும் கடைக்காரருக்கும் என்ன வேறுபாடு? கடைக்காரராவது துணி தருகிறார்!

இன்னொன்றும் சொல்வேன்; கசக்கும். தொழிற்சாலைகளிலே நிரந்தரத் தொழிலாளியும் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளியும் உண்டு. ஒரே பொறி, ஒரே வேலை, ஒரே வியர்வை. ஊதியம் வேறு, பாதுகாப்பு வேறு. நிரந்தரமானவரின் சங்கம் தன் ஊதிய உயர்வுக்கு மட்டும் கொடி தூக்கி, பக்கத்தில் நிற்கும் ஒப்பந்தத் தோழனை மறந்துவிடுமானால், அது கூட்டாகச் செய்யும் தன்னலமன்றி வேறென்ன? தனியொருவன் செய்தால் சுயநலம், ஆயிரம் பேர் சேர்ந்து செய்தால் போராட்டம் என்று ஆகிவிடாது. போராட்டத்தின் பயன் கடைசி மனிதனைத் தொட்டால்தான் அது போராட்டம்.

வள்ளுவர் பொருள் செயல்வகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஒப்புரவறிதலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். பொருளைத் தேடு என்றார். தேடியது ஊருக்கும் பயன்படட்டும் என்றார். இரண்டையும் ஒரே நூலில் வைத்த இனத்தில் பிறந்தவர்கள் நாம். தன்னலம் குதிரையைப் போன்றது. குதிரையைக் கொன்றுவிட்டால் வண்டி நகராது. கூட்டுப் பண்ணையிலே அதைக் கண்டோம். குதிரையின் கையிலேயே கடிவாளத்தைக் கொடுத்துவிட்டால் வண்டி பள்ளத்திலே விழும். 2008-இலே அதைக் கண்டோம். குதிரை ஓடட்டும், வழியை ஊர் கூடித் தீர்மானிக்கட்டும்.

ஆகவே தோழர்களே, நாளைக் காலை அந்த இளைஞரைப் போன்ற ஒருவர் உங்களை மறித்து, 'நான் யாருக்குக் கடன்பட்டவன்?' என்று கேட்டால், சீறாதீர்கள். அருகிலே அமர்ந்து கணக்குச் சொல்லுங்கள். பள்ளிக்குச் சுவர் எழுப்பியவனுக்கு, அணைக்கு மண் சுமந்தவளுக்கு, சாலைக்குத் தார் ஊற்றியவனுக்கு, எட்டு மணி நேர வேலையைப் போராடிப் பெற்றுத் தந்தவனுக்கு என்று வரிசையாகச் சொல்லுங்கள். அவர்களில் பலர் இன்று இல்லை. திருப்பிக் கேட்கவும் வரமாட்டார்கள். அந்தக் கடனை அடைக்க ஒரே வழிதான் உண்டு. நுரையில்லாத ஆற்றையும் நிமிர்ந்து நிற்கும் பள்ளியையும் அடுத்து வருகிறவனுக்கு விட்டுச் செல்வது.

முகம் தெரியாதவனுக்காக ஒருவன் கல் சுமந்ததால்தான், இன்று நாம் இங்கே கூடிப் பேசிக்கொண்டிருக்கிறோம். நாமும் ஒரு கல்லைச் சுமப்போம்.